இழுத்துக் கட்டிய படுக்கை: சேர்வராயன் மலையில் ஒரு தொங்கு கூடாரத்தின் நிகழ்வு ஆய்வு

பின்புலம்

திருப்பூரைச் சேர்ந்த மைத்துனர்கள் இருவர், மழைக்காலத்தில் மலையில் தங்குவதற்கென்று, இரு மரங்களுக்கு இடையே கட்டித் தொங்கவிடும் ஹேமக் வகைத் தொங்கு கூடாரம் ஒன்றைத் தாங்களே தைத்துப் பயன்படுத்தியபோது நேர்ந்தவற்றை இக்குறிப்பு பதிவுசெய்கிறது. மூத்தவர் பனியன் நிறுவனம் ஒன்றில் கணக்கு பார்ப்பவர். எடை 82 கிலோ. இளையவர் சிங்கர் டெய்லர்; எடை 64 கிலோ. அவர்கள் எழுதிவைத்த அளவுகள், எடுத்த படங்கள், முதல் இரவுக்குப் பிறகு கயிற்றையும் துணியையும் நேரில் பார்த்தது, இரண்டாம் முறை தங்கியபோது உடனிருந்தது ஆகியவையே இதற்கு அடிப்படை.

இருவரும் ஆண்டுக்கு ஓரிரு முறை சேர்வராயன் மலையில், தெரிந்தவர் ஒருவரின் காப்பித் தோட்டத்தில் அனுமதி பெற்றுத் தங்குபவர்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதே சட்டப்படி குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணியில் நேர்ந்த காட்டுத்தீக்குப் பிறகு மலையேற்றத்துக்கான விதிகளும் இறுக்கப்பட்டுவிட்டன. ஆகவே தனியார் தோட்டத்தைத் தவிர வேறு இடத்தை அவர்கள் நினைக்கவில்லை. தோட்டத்துக்குள்ளும் தீ மூட்டுவதில்லை என்பதை ஒரு விதியாகவே வைத்திருந்தனர்.

அதுவரை தரையில் விரிக்கும் சாதாரணக் கூடாரத்தையே பயன்படுத்தி வந்தனர். ஆனால் காப்பித் தோட்டத்தில் சமதரை கிடைப்பது அரிது. இருக்கிற சமதரையும் அடுக்குப்பாத்தியின் விளிம்பாக இருக்கும். அக்டோபர் மழையில் மேல் பாத்தியிலிருந்து இறங்கும் நீர் கூடாரத்தின் அடிப்பகுதி வழியாகத்தான் ஓடும். கல், வேர், அட்டை ஆகியவற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மரங்களுக்கோ அங்கே குறைவில்லை. காப்பிச் செடிகளுக்கு நிழல் தருவதற்காக நடப்பட்ட சில்வர் ஓக் மரங்கள் வரிசையாக நிற்கின்றன. தரையை விட்டு மேலே போய்விடலாம் என்ற முடிவு இந்தச் சூழலில் இயல்பாகவே பிறந்தது. கடையில் விற்கும் முழுத் தொகுப்பின் விலை அவர்களுக்கு அதிகமாகப்பட்டது. தையல் தெரிந்த கையும் வீட்டிலேயே இருந்தது.

பொருள்களும் வடிவமும்

கூரை, கொசுவலை, படுக்கை மூன்றையும் ஒன்றாகவே தைத்துவிட வேண்டும் என்பது மூத்தவரின் முதல் விருப்பம். இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கப் படைகள் காட்டுப் பகுதிகளில் பயன்படுத்திய ஹேமக் அப்படித்தான் இருந்தது. இளையவர் அதற்கு உடன்படவில்லை. ஒன்று கிழிந்தால் மூன்றையும் பிரிக்க வேண்டும், ஒன்று நனைந்தால் மூன்றையும் காயவைக்க வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். படுக்கையும் வலையும் சேர்ந்திருக்க, கூரை தனியாக இருக்கட்டும் என்று முடிவாயிற்று. பின்னால் நடந்ததை வைத்துப் பார்த்தால் இந்த முடிவு மிகவும் சரியானது.

படுக்கைக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 65 கிராம் எடையுள்ள, கட்டம் கட்டமாகத் தடித்த இழை ஓடும் ரிப்ஸ்டாப் நைலான் துணி வாங்கப்பட்டது. ரப்பர் பூச்சுள்ள துணி மலிவாகக் கிடைத்தபோதும் அது விலக்கப்பட்டது. பூச்சு நீரை உள்ளே விடாததைப் போலவே உடலின் ஈரத்தையும் வெளியே விடாது, விடியும்போது முதுகு நனைந்திருக்கும் என்பதை இளையவர் மழைச்சட்டை தைத்த அனுபவத்தில் அறிந்திருந்தார். துணியின் நீளம் 3.3 மீட்டர், அகலம் 1.5 மீட்டர். வெட்டிய விளிம்புகளைச் சால்டரிங் இரும்பின் சூட்டில் உருக்கிப் பிசிறு வராமல் அடைத்து, இரு முனைகளிலும் பாவாடை நாடா கோப்பதற்குத் தைப்பதுபோன்ற மடிப்பை மூன்று வரி நேர்த்தையலில், பாலியெஸ்டர் நூலால் தைத்தார். அந்த மடிப்புக்குள் கயிற்று வளையம் ஒன்றைக் கோத்துச் சுருக்கினால் துணியின் முனை முழுவதும் ஒரே புள்ளியில் திரண்டு நிற்கும். இவ்வகைப் படுக்கைக்கு மரச்சட்டம் தேவையில்லை.

தையலுக்குக் கொடுத்த கவனத்தில் பாதிகூடக் கயிற்றுக்குக் கொடுக்கப்படவில்லை. வன்பொருள் கடையில் நைலான் கயிறு என்று கேட்டு, 6 மில்லிமீட்டர் தடிமனில் நீலக் கயிறு ஒன்றை வாங்கினர். அந்தப் பெயரில் விற்கப்படும் பளபளப்பான நீல, மஞ்சள் கயிறுகளில் பல உண்மையில் பாலிபுரொப்பிலீன் அல்லது அதைப் போன்ற வேறு பிளாஸ்டிக் கயிறுகளே. கண்டுபிடிப்பது எளிது: ஒரு துண்டை நீரில் போட்டால் நைலான் மூழ்கும், பாலிபுரொப்பிலீன் மிதக்கும். அவர்கள் வாங்கிய கயிறு மிதந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. பாலிபுரொப்பிலீன் வழுவழுப்பானது, முடிச்சு எளிதில் நழுவும். அது உருகும் வெப்பநிலை ஏறத்தாழ 160 பாகை செல்சியஸ். நைலானுக்கு அது 220-ஐ ஒட்டியும் பாலியெஸ்டருக்கு 250-க்கு மேலும் இருக்கும். தொடர்ந்து பாரமேறிய நிலையில் அது மெதுவாக நீண்டுகொண்டேயும் போகும்.

கூரைக்கு 12 அடிக்கு 10 அடி சில்பாலின் தார்ப்பாய் வாங்கப்பட்டது.

வீட்டில் நடந்த சோதனை

முதலில் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் செங்கல் தூண்களுக்கு இடையே கட்டிப் பார்க்க எண்ணினர். கீழ்வீட்டில் வேலை செய்துகொண்டிருந்த கொத்தனார் ஒருவர் அதைத் தடுத்தார். செங்கல் தூண் மேலிருந்து அழுத்தும் பாரத்தைத் தாங்கும். பக்கவாட்டில் இழுத்தால் தாங்காது. தொங்கு படுக்கை எப்போதும் பக்கவாட்டில்தான் அதிகம் இழுக்கும். கம்பி வைக்காத தூண் ஒன்று படுத்திருப்பவர் மேலேயே சரிந்து விழும் விபத்துகள் உலகின் பல இடங்களில் நடந்துள்ளன. இந்நிகழ்வில் எடுக்கப்பட்ட முடிவுகளிலேயே உயிரோடு தொடர்புடையது இதுதான். அதை எடுத்தவர் இந்த முயற்சியில் பங்கில்லாதவர்.

வீட்டின் பின்புறம் வேம்பும் தென்னையும் ஏறத்தாழ 4 மீட்டர் இடைவெளியில் நின்றன. அவற்றில் தலைக்கு மேலே கட்டி, 50 கிலோ சிமென்ட் மூட்டைகள் இரண்டைப் படுக்கையில் வைத்து ஓர் இரவு முழுவதும் விட்டனர். காலையில் எதுவும் அவிழவில்லை, தையலில் ஓர் இழைகூட நகரவில்லை. 82 கிலோ மனிதருக்கு 100 கிலோ வைத்துப் பார்த்தாயிற்று என்ற நிறைவோடு மலைக்குப் புறப்பட்டனர்.

முதல் இரவு

அக்டோபர் இறுதியில், மாலை ஐந்து மணிக்கு மேல் தோட்டத்தை அடைந்தனர். அருகருகே நின்ற மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருந்தது. கொடி ஏறிய மரத்தில் கயிறு கட்டக் கூடாது என்று தோட்டத்து மேஸ்திரி சொல்லிவிட்டார். காட்டுமாடு இறங்கும் தடத்தையும் அவர் காட்டி, அந்தப் பக்கம் வேண்டாம் என்றார். இவ்விரண்டையும் கழித்தபின் மிஞ்சியவை 6 மீட்டர் இடைவெளியில் நின்ற இரண்டு சில்வர் ஓக் மரங்கள்.

இருட்டத் தொடங்கிவிட்டதால் நெஞ்சு உயரத்திலேயே கயிறு கட்டப்பட்டது. அந்த உயரத்தில் அவ்வளவு இடைவெளிக்குத் தளர்வாகக் கட்டினால் படுப்பவர் தரையைத் தொட்டுவிடுவார். ஆகவே துணி காயப்போடும் கொடியை இழுத்துக் கட்டுவதைப் போல, இருவரும் சேர்ந்து விறைப்பாக இழுத்துக் கட்டினர். அப்படிக் கட்டியது அவர்களுக்குத் தவறாகத் தோன்றவும் இல்லை. இழுத்துக் கட்டினால்தான் படுக்கை சமமாக இருக்கும் என்று அநேகமாக எல்லோரும் நினைப்பார்கள். முழங்கால் உயரத்துக்கு மேல் படுக்கை இருக்கக் கூடாது என்பதையும், அதன் அடியில் கல்லோ வெட்டிய குச்சியோ இருக்கக் கூடாது என்பதையும் மட்டும் இளையவர் விடாமல் வலியுறுத்தினார்.

முதலில் மூத்தவர் படுத்தார். இளையவர் பழைய கூடாரத்தில் தங்கினார். படுத்தவுடனேயே துணியின் இரு ஓரங்களும் எழும்பித் தோள்களை நெருக்கின. புரண்டு படுத்தால் கவிழ்ந்துவிடும்போல் இருந்ததால் அவர் அசையாமல் நேராகவே கிடந்தார். பத்து மணிக்கு மேல் மழை தொடங்கியது. கூரையின் நடுப்பகுதியில் ஒரு துளிகூட ஒழுகவில்லை. ஆனால் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் துணி நனையத் தொடங்கி, ஈரம் மெல்ல நடுவை நோக்கி வந்தது. நள்ளிரவுக்குப் பின் முதுகுக்குக் கீழே குளிர் ஏறியது. பஞ்சு நிறைந்த உறைப்பைக்குள் (ஸ்லீப்பிங் பேக்) இருந்தும் முதுகு மட்டும் குளிர்ந்ததற்கு அவருக்கு அப்போது காரணம் புரியவில்லை. இரண்டு மணி அளவில் படுக்கை தரையிலிருந்து ஒரு முழத்துக்கும் குறைவான உயரத்துக்குத் தாழ்ந்திருந்தது. எழுந்து கட்டினால் முழுவதும் நனைய வேண்டியிருக்கும் என்று அவர் அப்படியே கிடந்தார். விடியற்காலையில் எழுந்து உட்கார முயன்ற கணத்தில் கால்மாட்டுக் கயிறு மரத்திலிருந்து முடிச்சோடு அவிழ்ந்தது. அவர் இருந்த நிலையிலேயே தரையில் விழுந்தார். வால் எலும்புப் பகுதியில் கன்றிப்போய்ச் சில நாள் உட்காரச் சிரமப்பட்டார். எலும்பு முறிவு இல்லை என்று மருத்துவர் உறுதிசெய்தார்.

கயிறும் துணியும் காட்டியவை

கயிறு அறுபடவில்லை, முடிச்சு நழுவியிருந்தது. முடிச்சு இருந்த இடத்தில் கயிற்றின் மேல்பரப்பு உருகி இறுகியதைப் போன்ற கண்ணாடி மினுமினுப்புடன் இருந்தது. பாரத்தோடு உராய்ந்து நழுவிய பிளாஸ்டிக் கயிற்றில் இது தெரியும். தையல் எந்தச் சேதமும் இன்றி இருந்தது. அதிகம் பயந்த இடம் கெட்டியாக நிற்க, பயப்படாத இடம் கைவிட்டது.

வீட்டில் 100 கிலோ தாங்கியது மலையில் 82 கிலோவுக்கு ஏன் கைவிட்டது என்பதே இந்நிகழ்வின் மையக் கேள்வி. விடை கோணத்தில் இருக்கிறது. நடுவில் பாரம் தொங்கும்போது ஒவ்வொரு பக்கக் கயிற்றிலும் ஏறும் இழுவிசை, கயிறு கிடைமட்டத்துக்கு எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. 30 பாகை சாய்வில் ஒவ்வொரு பக்கமும் ஆளின் எடைக்குச் சமமான இழுவிசை விழும். 10 பாகையில் அது எடையைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. 5 பாகையில் ஆறு மடங்கை நெருங்கும். பின்புறத்து மரங்கள் நெருக்கமாக நின்றதாலும் உயரத்தில் கட்டியதாலும் சிமென்ட் மூட்டைகளின் கீழ் கயிறு 30 பாகையை ஒட்டிச் சாய்ந்திருந்தது. ஒரு பக்கத்துக்கு 100 கிலோ அளவிலான இழுவிசை. மலையில் எடுத்த படத்தில் சாய்வு ஏறத்தாழ 10 பாகைதான் இருந்தது. அப்படியானால் ஒரு பக்கத்துக்கு 236 கிலோ. எடை குறைந்தும் கயிற்றின் பாரம் இரண்டு மடங்குக்கு மேல் கூடியிருந்தது. எழுந்து உட்காரும்போது ஏற்படும் குலுக்கல் இதற்கு மேல். முடிச்சு போட்ட கயிற்றில், முடிச்சில்லாதபோது இருக்கும் பலத்தில் ஏறத்தாழ பாதியை மட்டுமே நம்ப வேண்டும் என்ற கணக்கையும் சேர்த்தால் நிலைமை தெளிவாகும்.

மழை புகுந்ததற்கும் இதே இழுப்புதான் பெரும்பங்கு காரணம். விறைப்பாக இழுக்கப்பட்ட படுக்கை தன் முழு நீளமான 3.3 மீட்டரை ஒட்டி நீண்டு நின்றது. கூரையோ 12 அடி, அதாவது 3.66 மீட்டர். முனைக்கு ஒரு சாண் அளவே மறைப்பு மிஞ்சியது. சாய்ந்தடித்த சாரல் அதற்குள் எளிதாக வந்தது. மீதி ஈரம் கயிற்றின் வழியே வந்தது. மரத்தில் வழியும் நீர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கித் துணியில் முடிந்தது. தோள் நெரிசலும் கவிழும் உணர்வும்கூட இதே இழுப்பின் விளைவுகள்: தளர்ந்து தொங்கும் துணியில் நடுக்கோட்டுக்குக் குறுக்காக, ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை நோக்கிப் படுக்க முடியும், அப்போதுதான் முதுகு ஏறத்தாழ சமமாக இருக்கும். விறைத்த துணி அதற்கு இடம் தருவதில்லை.

முதுகுக் குளிர் மட்டும் தனி விஷயம். உறைப்பையின் வெப்பம் பஞ்சுக்கு நடுவே சிக்கிய காற்றில் இருக்கிறது. உடலின் கீழே பஞ்சு நசுங்கியதும் அந்தக் காற்று வெளியேறிவிடும். தொங்கும் படுக்கையின் அடியில் மலைக்காற்றும் தடையின்றி ஓடும்.

எடுக்கப்பட்ட முடிவுகள்

கயிற்றை இன்னும் தடிமனாக வாங்கிவிடலாம் என்பது மூத்தவரின் முதல் யோசனை. அதனால் முடிச்சு அவிழாமல் இருந்திருக்கலாம். ஆனால் தோள் நெரிசலும் மழையும் அப்படியேதான் இருந்திருக்கும், மரப்பட்டையும் மேலும் வெட்டுப்பட்டிருக்கும். லாரிகளில் சரக்கைக் கட்டும் பல்சக்கர நாடாவைப் பயன்படுத்தும் யோசனையும் வந்து, கைவிடப்பட்டது. கைப்பலத்தையும் மீறி இறுக்க உதவும் கருவி இது. இங்கே தேவைப்பட்டதோ இறுக்காமல் இருப்பதற்கான ஏற்பாடு.

அந்த ஏற்பாடு ஒரு மெல்லிய முகட்டுக்கயிறு. படுக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, படுப்பவரின் தலைக்கு மேலே ஓடும் இந்தக் கயிற்றின் நீளத்தைத் துணி நீளத்தில் ஏறத்தாழ 83 விழுக்காடாக வைப்பது ஹேமக் தைப்பவர்களிடையே பழகிய அளவு, 3.3 மீட்டர் துணிக்கு அது 2.75 மீட்டர் ஆகிறது. மரங்களை எப்படிக் கட்டினாலும் துணியின் முனைகள் அதற்கு மேல் விலக முடியாது என்பதால் தொய்வு ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே இருக்கும். படுத்த நிலையில் முகட்டுக்கயிற்றை இரு விரல்களால் நெரித்தால் சற்றே வளைந்து கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அதிகமாக இழுக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். கொசுவலையையும் இதிலேயே தொங்கவிட்டனர். கூரைக்கு மட்டும் மரத்திலிருந்து தனிக்கயிறு கட்டப்பட்டது. ஆள் படுக்கும்போது படுக்கைக் கயிறு தாழும், கூரையும் அதில் இருந்தால் அதுவும் சேர்ந்து தொய்யும். படுக்கை 2.75 மீட்டருக்குள் அடங்கியதும், அதே தார்ப்பாய் இரு முனைகளிலும் 45 சென்டிமீட்டர் மறைப்புத் தந்தது. புதிய கூரை வாங்க வேண்டியிருக்கவில்லை.

மரத்தைச் சுற்றுவதற்கு நீலக் கயிற்றுக்குப் பதில் 25 மில்லிமீட்டர் அகலப் பாலியெஸ்டர் நாடா வாங்கப்பட்டது. நைலான் நாடா நனைந்தால் நீளும். பாலியெஸ்டர் அவ்வளவாக நீளாது. நாடாவுக்கும் படுக்கைக்கும் நடுவே பாரம் குறிக்கப்பட்ட இரும்பு வளையக் கொக்கி வைக்கப்பட்டது. கூரையின் மறைப்புக்குள் வரும் இடத்தில் நாடாவைச் சுற்றி ஒரு சாண் நூல்கயிறு கட்டித் தொங்கவிடப்பட்டது. இறங்கிவரும் நீர் அந்த நூலைப் பிடித்துக் கீழே சொட்டிவிடும்.

மரங்களின் இடைவெளி 4.5 மீட்டர் என்று முடிவாயிற்று. படுக்கையின் 2.75 மீட்டர் போக ஒவ்வொரு பக்கமும் 90 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 30 பாகை சாய்வில் அதற்கு அரை மீட்டர் ஏற்றம் வேண்டும். உட்காரும் உயரத்தையும் துணியின் தொய்வையும் கூட்டினால் நாடா 1.75 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், அது கைக்கு எட்டும். முதல் இரவின் 6 மீட்டர் இடைவெளிக்கு இதே கணக்கில் 2.2 மீட்டர் உயரத்தில் கட்டியிருக்க வேண்டும். பாகைமானி தேவையில்லை: கயிற்றின் நீளத்தில் பாதி அளவு உயரம் ஏறியிருந்தால் அது 30 பாகை.

குளிருக்குப் படுக்கையின் அடியில் பஞ்சுமெத்தை ஒன்றைத் தொங்கவிடுவதே சிறந்த வழி என்பதை இளையவர் ஏற்றார். ஆனால் நனைந்தால் மலையில் அதை உலர்த்த முடியாது. ஆகவே படுக்கைக்கு இரண்டாவது அடித்துணி தைத்து, இரண்டுக்கும் நடுவே, பொருள்களைப் பொதியப் பயன்படும் 10 மில்லிமீட்டர் வெள்ளை ஃபோம் ஷீட்டைச் செருகும்படி பை அமைத்தார். அது நீரை உறிஞ்சாது, மலிவானது, இரண்டு துணிகளுக்கு இடையில் இருப்பதால் நழுவாது.

கட்டும் இடத்தைப் பொறுத்து ஒரு விதி சேர்ந்தது: பகல் வெளிச்சத்திலேயே போய்ச் சேர்ந்து, மேலே அண்ணாந்து பார்த்த பின்பே மரத்தைத் தேர்ந்தெடுப்பது. சில்வர் ஓக்கின் கிளைகள் காற்றில் முறியும் இயல்புடையவை. காய்ந்த கிளை தொங்கும் மரமும், கையால் தள்ளினால் அசையும் மெல்லிய மரமும் விலக்கப்பட்டன.

இரண்டாம் முறை

டிசம்பரில் அதே தோட்டத்தில், மேஸ்திரி காட்டிய வேறு மரவரிசையில் படுக்கை கட்டப்பட்டது. முதலில் கற்கள் நிரப்பிய சாக்குகளை ஏற்றி, நாடாவின் மேல் வாளி நீரை ஊற்றி அரைமணி நேரம் விட்டனர். நாடா நகரவில்லை. பிறகு மூத்தவரே மீண்டும் படுத்தார். வயதில் இளையவர்தான் இம்முறை படுக்க வேண்டும் என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதிக எடை உள்ளவரைத் தாங்குவதே சோதனை என்று அவர் கேட்கவில்லை.

இரவில் தூறலும் பனிமூட்டமும் இருந்தன. காலையில் படுக்கையின் உயரம் இரண்டு விரற்கடை மட்டுமே குறைந்திருந்தது. அது நாடாவின் முடிச்சு இறுகியதால். முனைகள் உலர்ந்திருந்தன, தொங்கவிட்ட நூல்களின் கீழே மண்ணில் சிறு குழிகள் தெரிந்தன. குறுக்காகப் படுக்க முடிந்ததால் தோளில் நெரிசல் இல்லை. ஆனால் ஃபோம் ஷீட் 60 சென்டிமீட்டர் அகலமே இருந்ததால், குறுக்காகப் படுத்தவரின் தோளும் முழங்கையும் அதற்கு வெளியே போய்க் குளிர்ந்தன. ஷீட்டின் மேல்புறம் வியர்வை ஈரம் படிந்திருந்தது. கூரையின் பக்கக் கயிறுகளைப் பிடித்திருந்த முளைகளில் இரண்டு, காப்பித் தோட்டத்தின் இலைமக்கு மண்ணில் நிற்காமல் பெயர்ந்து வந்துவிட்டன. காற்று வலுத்திருந்தால் கூரை போயிருக்கும்.

மாற்ற வேண்டியவை

ஃபோம் ஷீட்டுக்குத் தோள் வரும் இடத்தில் இருபுறமும் ஒரு முழம் அகலத் துண்டுகளை ஒட்டவேண்டும். இரும்பு முளைகளுக்குப் பதிலாக இரண்டடி மூங்கில் முளைகளைச் சாய்வாக அடிக்க வேண்டும். முளைக்குப் பதில் காப்பிச் செடியில் கயிறு கட்டத் தோட்டத்தில் அனுமதி இல்லை, கேட்கவும் கூடாது. 25 மில்லிமீட்டர் நாடாவே பட்டையில் மெல்லிய தடம் பதித்திருந்ததால், இனி மரத்துக்கும் நாடாவுக்கும் நடுவே சாக்குத்துண்டு வைக்கப்படும். வெயில் நைலானை மெல்ல நலிவடையச் செய்யும் என்பதால் பகலில் படுக்கையைக் கட்டியே வைத்திருப்பதும் நிறுத்தப்படுகிறது.

வீட்டுச் சோதனையின் முறையும் மாறியிருக்கிறது. எத்தனை கிலோ ஏற்றினோம் என்பதோடு, எத்தனை பாகை சாய்வில், நனைந்த நிலையிலா உலர்ந்த நிலையிலா என்பதையும் இளையவர் நோட்டில் எழுதுகிறார். முகட்டுக்கயிற்றின் நீளம் பற்றி மட்டும் இருவருக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. மூத்தவர் சற்றுக் கூடுதல் நீளம் கேட்கிறார்; கூடினால் மீண்டும் விறைப்பாகும் என்கிறார் இளையவர். 2.70 மீட்டர் முதல் 2.85 மீட்டர் வரை கூட்டிக் குறைக்கக்கூடிய முடிச்சோடு அதை மாற்றித் தைத்திருக்கிறார். அடுத்த முறை தங்கும்போது இரண்டு அளவுகளிலும் படுத்துப் பார்ப்பதாக இருக்கிறார்கள்.